குமிழி இல்லாத குப்பி

அவரிடம் நேரம் கேட்டால் வெறும் நேரம் மட்டும் கிடைக்காது. "ஒன்பதே கால். என் வாட்ச் ரெண்டு நிமிஷம் முந்தும், கழிச்சுக்கோங்க" என்பார்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "அந்த ரெண்டு நிமிஷத்தைத் திருப்பி வச்சுட்டா என்ன அக்கா?"

"வச்சா அப்புறம் எவ்வளவு தப்பு காட்டுதுன்னு எனக்குத் தெரியாது சாமி. இப்போ தெரியுது, அல்லே?"

கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துக்காரன் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு நான் சாமிதான். தொண்ணூறுகளின் நடுவில் கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு சிறிய கடல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அவர் ரசாயன அறையில் லேப் அசிஸ்டென்ட். என்னைவிட மூன்று வயது மூத்தவர். தற்காலிக வேலை, வருஷா வருஷம் டைரக்டர் கையெழுத்துப் போட்டால் நீளும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் விழிஞ்ஞத்திலிருந்து படகில் போய்க் கடல்நீர் எடுத்து வந்து, அதன் பி.எச். அளவைப் பார்த்து நோட்டில் எழுதவேண்டும். நீரில் அமிலத்தன்மையா காரத்தன்மையா, எவ்வளவு என்று காட்டும் எண் அது. கடல்நீருக்கு எட்டுக்குச் சற்று மேலே இருக்கும். வாரா வாரம் அதே எட்டுச் சொச்சத்தை எழுத ஒரு ஆள் எதற்கு என்று முதலில் நான் நினைத்ததுண்டு.

எங்கள் அறிமுகமே சண்டையில்தான் தொடங்கியது. அவர் கொடுத்த அட்டவணையில் ஒவ்வொரு எண்ணும் புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம். தாளில் பத்தி அடங்கவில்லை. நான் கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு அழகாக அடித்துக் கொடுத்தேன். மத்தியானம் தாள்களோடு வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"கடைசி நம்பர் எங்க போச்சு?"

"எடம் போறலை. அதோட, அந்தக் கடைசி நம்பரை யார் பார்க்கப் போறா?"

"நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. பதினோரு பக்கத்தையும் மறுபடி அடித்தேன். அடுத்த மாதம் அவர் கொடுத்த அட்டவணையில் ஒரு வாரத்து எண்களில் மட்டும் மூன்றாவது இலக்கம் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இதற்காகவா அன்று என்னை அப்படிப் படுத்தினார்?

"அந்த வாரம் கரண்டு போயிப் போயி வந்துச்சு. மூணாவது நம்பரை நானே நம்பல. ரெண்டு போதும், மதி" என்றார்.

போனக்காட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவர் அவர். அகஸ்தியர் மலைப் பக்கம். வெயில் காலத்திலும் காலையில் மூடுபனி. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பம். கல்லூரியில் பிரீடிகிரி படிக்க நகரத்துக்கு வந்த பிறகுதான், பதினேழு வயதில், முதன்முதலாகச் சங்குமுகத்தில் கடலைப் பார்த்தார். லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மா ஆசையாகக் கேட்டாராம், "கடல் எம்மாம் பெருசுடி?" என்று. "தெரியலம்மா. நான் பாத்தது ஒரு ஓரம்தான்" என்று இவர் சொல்ல, லயமே சிரித்ததாம். அவரைப் பெண் பார்க்க வந்த கதையும் ஆபீசில் பிரசித்தம். சமையல் வருமா என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டிருக்கிறார். "சோறு வரும். குழம்பு சில நாள் நல்லா வரும், சில நாள் வராது. ஏன்னு இன்னும் புடிபடல." அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. பிறகு பஸ் கண்டக்டர் ஒருவர், இந்தக் கதையை யாரோ சொல்லக் கேட்டு, தானே வந்து பெண் கேட்டுக் கட்டிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை ஆள் இல்லாததால் பெட்டி தூக்க என்னையும் படகில் அழைத்துப் போனார். படகு அந்தோணியுடையது. அவர் விழிஞ்ஞத்துப் பாறைகளில் மூழ்கிச் சிப்பி எடுக்கிறவர். வியாழன் காலை மட்டும் எங்களுக்குப் படகோட்டுவார். அக்கா கண்ணாடிக் குப்பியை நீருக்கடியில் சாய்த்துப் பிடித்து, மெல்ல நிரப்பி, வழியவிட்டு, மூடியைத் திருகி, தலைகீழாகத் தூக்கிப் பார்த்தார். உள்ளே கடுகளவு ஒரு குமிழி ஓடியது. குப்பியைக் கவிழ்த்துக் கொட்டினார். மறுபடி நிரப்பினார். மறுபடி குமிழி. மறுபடி கொட்டினார். படகு ஆடிய ஆட்டத்தில் நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு பொட்டுக் காத்து, சேச்சி! கடல் முழுக்கக் காத்துதானே வீசுது?" என்றார் அந்தோணி.

"அந்தக் காத்துதான் அந்தோணிச்சேட்டா உள்ள போய்த் தண்ணியை, இந்த வெள்ளத்தை மாத்துது. அதைத்தானே நான் தேடுறேன்? குப்பிக்குள்ளயே காத்து இருந்தா, எந்தக் காத்து பண்ணின வேலைன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான்காவது தடவை குமிழி இல்லாமல் நிரம்பிய பிறகுதான் கரைக்குத் திரும்பினோம்.

அவர் என்ன தேடுகிறார் என்பது எனக்கு விளங்கியது தம்பானூரில் ஒரு சோடாக் கடையில். இருவருக்கும் பஸ் பிடிக்கவேண்டியிருந்தது, நல்ல வெயில். உப்புப் போட்ட நாரங்காச் சோடா, அதாவது எலுமிச்சைச் சோடா வாங்கினோம். கடைக்காரர் சோடாவை உடைத்ததும் பொங்கியது.

"இதுல ஏத்துற காத்து எது தெரியுமா? நாம மூச்சு விடுறது, பஸ் விடுறது, கரி எரிச்சா வர்றது. எல்லாம் இதேதான். நாம வெளிய விடுறதுல ஒரு பங்கைக் கடல் இழுத்துக்குது. வெள்ளத்துல கரைஞ்சா அது லேசா அமிலமாகும்."

"அப்போ கடல் புளிச்சுடுமோ?"

"புளிக்காது. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க, கேட்டோ. கடல் காரத்தன்மையிலதான் இருக்கும்; அதுல கொஞ்சம் இறங்கும். ஆனா சிப்பி, சங்கு, பவளம் எல்லாம் ஓடு கட்டுறதுக்கு வெள்ளத்துல கார்பனேட்டுன்னு ஒண்ணு வேணும். அமிலம் கூடினா அது குறையும். வீடு கட்டிக்கிட்டே இருக்கும்போது யாரோ சிமெண்டைக் குறைச்சுக்கிட்டே வந்தா எப்படி இருக்கும்? கட்டலாம். கஷ்டப்பட்டுக் கட்டணும். குஞ்சுச் சிப்பிக்கு அந்தக் கஷ்டம் தாங்காது."

"நம்ம கடல்ல அது நடக்கறதா?"

சோடாவைக் குடித்து முடித்துத் தம்ளரை வைத்தார். "வேதியியல்ல சந்தேகமே இல்ல. நம்ம கடல்ல எவ்வளவுன்னு தெரியல. அதுக்குத்தான் குப்பி."

'தெரியல' என்பதை அவர் சொல்கிற விதமே தனி. நாமெல்லாம் குற்றத்தை ஒப்புக்கொள்வது போல் முனகுவோம். அவர் தன் ஊர்ப் பெயரைச் சொல்வது போலச் சொல்வார்.

அந்தச் சொல்லுக்கு அவர் பெரிய விலை கொடுக்கவேண்டி வந்தது. ஒரு வருஷம் எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பாறைகளில் சிப்பிக் குஞ்சு பிடிக்கவே இல்லை. பிடித்ததும் மெலிந்த ஓடு. கையில் எடுத்தால் நொறுங்கியது. சிப்பி எடுப்பவர்களின் வீடுகளில் அடுப்பெரியாத நிலைமை. பாறைகளுக்குப் பக்கத்தில் மீன் சுத்தம் செய்யும் கூடம் ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் கழிவுக் குழாய்தான் காரணம் என்று அவர்கள் கொதித்துப்போய் நின்றார்கள். கூடத்துக்காரர் இல்லை என்று சாதித்தார். ஆய்வுக்கூடம் அறிக்கை கொடுக்கட்டும் என்று முடிவாயிற்று.

எங்கள் டைரக்டர் கெட்டவரில்லை. நிறையப் படித்தவர், கடலில் கரியமிலவாயு சேர்வதைப் பற்றி அந்த நாளிலேயே கவலைப்பட்ட மிகச் சிலரில் ஒருவர். இந்த வியாழக்கிழமை வேலையைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். அக்காவின் நோட்டிலிருந்த எண்களை வருஷ வாரியாகக் கூட்டிச் சராசரி எடுத்து ஒரு கோடு போட்டார். கோடு நன்றாகவே கீழே இறங்கியது. அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை. சிப்பி அழிந்ததற்குக் காரணம் கடல்நீரே மாறியதுதான் என்று ஒரு கட்டுரையும், அதையே சுருக்கி ஓர் அறிக்கையும் எழுதி, டைப் அடிக்க என்னிடம் கொடுத்தார்.

பாதி அடித்திருப்பேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் நோட்டை எடுத்து வந்து, ஒரு பக்கத்தில் விரல் வைத்தார்.

"சாமி, கோடு எங்க விழுதுன்னு பாருங்க. கொஞ்சம் கொஞ்சமா இறங்கல. இந்த வாரத்துல சட்டுனு விழுது. இந்த வாரம்தான் எலக்ட்ரோடு மாத்தினேன்."

எலக்ட்ரோடு என்பது அளவுக் கருவியில் நீருக்குள் முக்கும் கண்ணாடித் தண்டு. பழையதை அவர் எறியவில்லை. அலமாரியில் பஞ்சு சுற்றி வைத்திருந்தார். அதையும் புதியதையும் அளவு தெரிந்த கரைசலில் வைத்தார். இரண்டும் ஒரே எண். எனக்கு நிம்மதியாயிற்று. பிறகு இரண்டையும் ஒரே குப்பிக் கடல்நீரில் வைத்தார். பழையது ஒரு எண், புதியது அதைவிடக் குறைவாக ஒரு எண். அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"உப்புத் தண்ணியில ரெண்டும் ரெண்டு விதமாச் சொல்லுது. நான் கடல்ல ஒருக்காக்கூட ஒத்துப் பாக்கல. கரைசல்ல சரியா இருந்தா மதின்னு நெனச்சேன். இத்தனை வருஷம்…" அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் ஒரு நிமிஷம். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குப் போனார்.

கதவு சாத்தியிருந்தும் எனக்குக் கேட்டது.

"சார், இந்தக் கோடு கடல் போட்டதில்ல. பாதிக்கு மேல நான் போட்டது. என் தப்பு."

"மற்ற தேசங்களில் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியும். கடல் மாறுது. நிச்சயமா மாறுது!"

"மாறுது சார். அதை நான் இல்லங்கல. ஆனா இந்த நோட்டு அதுக்கு சாட்சி இல்ல."

"உன் வேலையை நீயே கெடுத்துக்கறே. மனசிலாயோ?"

"மனசிலாயி சார்."

மறுநாள் மாதா கோயிலை ஒட்டிய ஹாலில் கூட்டம். டைரக்டர் கட்டுரையைத் திரும்ப வாங்கவில்லை; கூட்டத்துக்கு அறிக்கையோடு வந்திருந்தார். மீன் கூடத்துக்காரரும் முன்வரிசையில். அறிக்கை அப்படியே வாசிக்கப்பட்டால் அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்; உலகத்துப் புகைக்கெல்லாம் அவர் பொறுப்பாக முடியாது. டைரக்டர் எழுந்திருக்குமுன், அந்தோணி அக்காவைப் பார்த்து மலையாளத்தில் கத்தினார்: "சேச்சி சொல்லட்டும்! வாரா வாரம் தண்ணி எடுக்கறது அவங்கதானே? எங்க சிப்பியைக் கொன்னது எது?"

அக்கா எழுந்தார். "எனக்குத் தெரியல" என்றார்.

ஹால் இரைந்தது. ஒரு கிழவர் துண்டை உதறிவிட்டு வெளியே போனார். "பின்ன என்னத்துக்கு வாரா வாரம் வந்தே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

அக்கா பையிலிருந்து ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்தார். அதில் காலையில் எடுத்த கடல்நீர். ஒரு சாயத்தைச் சொட்டினார். நீர் செம்பருத்தி நிறமாயிற்று. ஒரு ஸ்ட்ராவை அந்தோணியிடம் நீட்டி, "ஊதுங்க சேட்டா, உறிஞ்சிடாதீங்க" என்றார். கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவரின் நீண்ட மூச்சு. தம்ளர் கொப்பளித்தது. சிவப்பு வெளிறி, ஆரஞ்சாகி, மஞ்சளாயிற்று. கூட்டம் எட்டிப் பார்த்தது. அந்தோணி ஸ்ட்ராவை எடுத்துவிட்டுத் தம்ளரையும் தன் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் மூச்சா இது பண்ணிச்சு?"

"ஆமா. கரைஞ்சா வெள்ளம் மாறும், மாறினா ஓடு கட்டக் கஷ்டம். இது உண்மை. மழைக்காலத்துல ஆழத்துலேர்ந்து குளிர்ந்த வெள்ளம் மேல வருது, அதுலயும் இந்தக் காத்து நிறைய இருக்கும். அதுவும் உண்மை. ஆனா இது தம்ளர். கடல்ல வர்ற மாற்றம் ரொம்பச் சின்னது. அதைப் பாக்க என் கருவி சரியா இருக்கணும். சரியா இல்ல. நேத்துதான் கண்டுபிடிச்சேன். இது என் தப்பு, சாரோட தப்பு இல்ல." ஒரு கணம் நிறுத்தி, முன்வரிசையைப் பார்த்தார். "குழாய்த் தண்ணியை யாரும் இதுவரைக்கும் அளக்கவே இல்ல. அதனால குழாய்தான் காரணம்னும் சொல்ல முடியாது, குழாய் காரணமே இல்லன்னும் சொல்ல முடியாது. அளக்க விட்டா அளக்குறேன்."

கூடத்துக்காரர் முகம் சுண்டிப்போயிற்று. டைரக்டர் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், வாசிக்கவில்லை. மறுநாள் காலை நான் போகும்போது ரசாயன அறையில் அவர் தனியாக நின்று, இரண்டு எலக்ட்ரோடுகளையும் கடல்நீரில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, பாதி அடித்தபடி கிடந்த கட்டுரையை எடுத்துப் போனார். அது எங்கும் அச்சாகவில்லை.

குழாயைப் பஞ்சாயத்து வேறு பக்கம் திருப்ப வைத்தது. அடுத்த பருவத்தில் சிப்பி வந்தது. முன்பு போல் இல்லை, ஆனால் வந்தது. குழாயைத் திருப்பியதால்தானே என்று அந்தோணி அக்காவிடம் கேட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அக்காவின் வேலை நீளவில்லை. கையெழுத்து விழவேண்டிய மாதம் வந்து போயிற்று. மெடிக்கல் காலேஜ் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தார். ஒருமுறை பார்க்கப் போனேன். எந்தக் குறையும் சொல்லவில்லை. கோபமும் இருந்ததாகத் தெரியவில்லை. "இங்க ஒரு சௌகரியம், ரத்தத்துல அலை அடிக்காது" என்றார். எட்டு மாதம் கழித்து டைரக்டருக்கு மாற்றல் வந்தது. போகிற நாளன்று என்னைக் கூப்பிட்டு, ஒரு உத்தரவைத் தானே வாய்மொழியாகச் சொல்லி டைப் அடிக்கச் சொன்னார். அக்காவைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உத்தரவு. கையெழுத்திட்டு, மூடியைப் பேனாவில் செருகிவிட்டு, "அன்னிக்கு அந்த அறிக்கையை வாசிக்க விட்டிருந்தா நான் மாட்டியிருப்பேன்" என்றார்.

திரும்பி வந்தவர் முதல் காரியமாக, சாயத்தின் நிறத்தை ஒளியால் அளந்து பி.எச். பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். எலக்ட்ரோடைவிட அது நம்பகமானது. புதிய நோட்டு, பழையபடி வியாழக்கிழமைகள். புதிய டைரக்டர், விட்டுப்போன எட்டு மாதத்தை முன்பின் எண்களை வைத்து நிரப்பிவிடலாமே என்றபோது, "அந்த எட்டு மாசம் நான் கடலுக்குப் போகல சார்" என்றார். கட்டங்கள் காலியாகவே இருந்தன.

அப்படியே வருஷங்கள் போயின. இரண்டாயிரத்துக்குப் பிறகு, கடல் அமிலமாதல் என்ற பேச்சு எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கியது. வடக்கிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் வந்தார், இளவயதுப் பெண். பழைய கடலோர அளவுகளைத் தேடி ஒவ்வோர் ஊராக அலைகிறவர். பல இடங்களில் எண்கள் கிடைத்தன. எந்தக் கருவி, எந்த வெப்பநிலை, எப்போது மாற்றியது என்ற குறிப்பு இல்லாததால் எதற்கும் உதவவில்லை என்றார். அக்கா தன் நோட்டைக் கொடுத்தார். முதல் பக்கத்தில் எண்ணே இல்லை. 'இந்த நோட்டில் நம்பக் கூடாதவை' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு சந்தேகத்தையும், ஒவ்வொரு பிழையையும் தேதியோடு எழுதியிருந்தார். முதல் வரியே பழைய நோட்டைப் பற்றியது. அந்தப் பெண் நின்றபடியே அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதை எடுத்துக்கறேன்" என்றார். அன்று மாலைவரை எழுந்திருக்கவில்லை.

போகும்போது கேட்டார். இந்தக் கடற்கரை மாறியிருக்கிறது என்று இப்போது சொல்லலாமா?

"ஆழ்கடல்ல பாத்தவங்க சொல்லிட்டாங்க. அதை நம்புறேன். இந்தக் கரையில அலையும் மழையும் ஆத்துத் தண்ணியும் எண்ணை ஆட்டி எடுக்குது. இன்னும் சில வருஷம் வேணும்" என்றார் அக்கா.

அன்று இருவரும் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பத்து வருஷத்துக்கு மேல் பழகிய உரிமையில் கேட்டேன். "நோட்டுல இருக்கறது இருக்கட்டும் அக்கா. உங்க மனசுக்கு என்னதான் தோணறது?"

அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"பயமா இருக்கு சாமி" என்றார். "ஒவ்வொரு குப்பியையும் அளக்கும்போது எண் குறைஞ்சிருக்கக் கூடாது, குறைஞ்சிருக்கக் கூடாதுன்னுதான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே பாக்குறேன். அப்படி நெனச்சுக்கிட்டுப் பாக்குறவ கண்ணை எப்படி நம்புறது? அதான் ஒவ்வொண்ணையும் மூணு தடவை பாக்குறேன்."

பஸ் வந்தது. கூட்டத்துக்குள் கையை நீட்டிக் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டார்.